கடலோரத்து மின்கிட்டார்: எதை முதலில் முடிவு செய்வது?

பொம்மையார்பாளையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆரோவில்லுக்கு ஏறும் செம்மண் மேடு. புதுச்சேரியிலிருந்து வடக்கே வரும்போது சாலையோரத்தில் மரச்சாமான் பட்டறைகளும், இடித்த வீடுகளின் கதவு, தூண், உத்திரம் விற்கும் கடைகளும் தென்படும். மேட்டின் மேல் ஆரோவில்லில் 2003-இல் தொடங்கிய ‘ஸ்வரம்’ என்ற இசைக்கருவிப் பட்டறை, சுற்றுக் கிராமத்து இளைஞர்களைப் பழக்கிப் புதுப்புதுக் கருவிகளைச் செய்துவருகிறது. கையால் கிட்டார் செய்பவராக இந்திய இசைக்கலைஞர்களிடையே அறியப்பட்ட எரிசா நியோகியும் ஆரோவில்லைச் சேர்ந்தவர்தான். தனக்கென்று ஒரு மின்கிட்டார் செய்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு இந்த வட்டாரத்தில் மரமும் கிடைக்கும், இழைக்கிற கையும் கிடைக்கும். எதை எப்படிச் செய்யச் சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்குக் காரணம் யோசிக்கும் வரிசை. நிறம் என்ன, மேல்தட்டில் எந்த மரத்தின் வரி ஓடவேண்டும், எந்தக் கம்பெனி பிக்கப் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. ஆனால் பிக்கப்பை ஒரு மாலையில் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு மாற்றிவிடலாம். நிறத்தைச் சுரண்டிவிட்டு வேறு அடிக்கலாம். கம்பியின் நீளம், கழுத்தின் அகலம், கழுத்தும் உடலும் சேரும் விதம், மெட்டுகளின் (ஃப்ரெட்) எண்ணிக்கை ஆகியவை அப்படியல்ல. இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்டமுடியாது. ஆகவே ஒரு கிட்டாரை வடிவமைக்கும்போது ஒவ்வொரு அம்சத்திடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் பிறகு மாற்றலாமா? மாற்றமுடியாதவற்றுக்கே முக்கால்வாசி யோசனையைச் செலவழிக்கவேண்டும் என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, அதிலும் கர்நாடக இசைப் பக்கம் ஒரு காது வைத்துக்கொண்டு செய்கிறவருக்கு இந்தக் கேள்விக்கான விடைகள் அமெரிக்கக் கேட்டலாக்குகளில் இருப்பதிலிருந்து நிறையவே மாறுபடும்.

முதலில் கருவியின் பிறப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். காந்தமும் சுருளும் கொண்ட பிக்கப்பால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டாரை ஜார்ஜ் போஷாம்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1930-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். வாணலி போன்ற அதன் அலுமினிய உருவத்தால் ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர் வந்துவிட்டது. லியோ ஃபெண்டர் 1950-இல் முழுக்கட்டை உடல் கிட்டாரைத் தொழிற்சாலைச் சரக்காக்கினார். அதுதான் அடுத்த ஆண்டில் டெலிகாஸ்டர் என்ற பெயர் பெற்றது. 1952-இல் கிப்சன் லெஸ் பால், 1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இன்று உலகத்தில் விற்கும் மின்கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எழுபது வருஷத்துக்கு முன் கலிபோர்னியாவிலும் மிச்சிகனிலும் எது சீக்கிரம் செய்யத் தோதாக இருந்ததோ அதுவே இன்றுவரை நமக்கு இலக்கணமாகிவிட்டது. ஃபெண்டர் கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலோடு முடுக்கியதற்கு ஓசை காரணமல்ல. கழுத்து பழுதானால் கழற்றிவிட்டு வேறு போடலாம் என்ற வியாபார யோசனைதான்.

இந்த இணைப்பு விஷயம் நம் ஊர் வீணைக்காரர்களுக்குப் புதிதே இல்லை. தஞ்சாவூரில் குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. மின்கிட்டாரிலும் மூன்று வகை உண்டு: திருகாணி போட்டது, பசை வைத்து ஒட்டியது, கழுத்துக் கட்டையே உடலின் நடுவாக அடிவரை ஓடுவது. மூன்றாவது ஏகாண்ட வீணைக்கு உறவு. கார்வை, அதாவது மீட்டிய ஒலி நின்று ஒலிக்கும் நேரம், நீளும் என்று அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. மேல் மெட்டுகளுக்குக் கை தடையில்லாமல் போவது உண்மையான லாபம். கார்வைக் கதையை நான் பாதிதான் நம்புவேன். திருகாணியை இறுக்கமாகப் பொருத்திய கழுத்தும் தாராளமாக நின்று ஒலிக்கிறது. கடலோரத்தில் வைத்துக்கொள்ளப்போகும் கருவிக்கு என்னைக் கேட்டால் திருகாணிக் கழுத்துதான் சொல்வேன். ஏன் என்பது ஈரத்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

கம்பியின் நீளத்துக்கு வருவோம். கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலின் மேலுள்ள பிரிட்ஜ் வரை அதிரும் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். ஃபெண்டர் வழக்கம் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சன் வழக்கம் 24.75, அதாவது சுமார் 629 மி.மீ. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; கணக்குப் போட்டால் நீள ஸ்கேலில் சுமார் 6 சதவீதம் இழுவை அதிகம். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கிற விரல் இந்த 6 சதவீதத்தை ஒவ்வொரு முறையும் உணரும். சுருதியை இறக்கி வைத்து வாசிப்பவருக்கோ நேர்மாறான தொல்லை: குட்டை ஸ்கேலில் தடிக்கம்பி தொளதொளத்துப் போகும். இரண்டையும் சமாளிக்க மந்தரக் கம்பிக்கு நீளமும் தாரக் கம்பிக்குக் குறைவும் வைத்து, மெட்டுகளை விசிறிபோலச் சாய்த்துப் பதிக்கும் முறைக்கு ரால்ஃப் நோவாக் 1989-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கண்ணுக்கு விபரீதமாக இருந்தாலும் கைக்கு விரைவில் பழகிவிடும்.

மெட்டுகளை எங்கே பதிப்பது என்பது ஒரே ஒரு எண்ணின் வேலை. ஒவ்வொரு மெட்டுக்கும் மிச்ச நீளத்தை 1.05946 ஆல் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில் வந்து நிற்கும். இதில் தச்சர் செய்யக்கூடாதது, ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டே போவது. பிழை சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்கவேண்டும். முதல் மெட்டில் அரை மில்லிமீட்டர் தப்பினால் சுருதி ஒன்றரை சென்ட் அளவுதான் விலகும், அதாவது அரை ஸ்வரத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்கு. அதே அரை மில்லிமீட்டர் இருபதாவது மெட்டில் நாலு சென்ட்டைத் தாண்டும். மரச்சாமான் பட்டறையில் அரை மில்லிமீட்டரை யாரும் பிழை என்றே எண்ணமாட்டார்கள். கதவுக்கு அது போதும். உடலை உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்தாலும் விரல்பலகையைக் கருவி செய்து பழகியவரிடம்தான் கொடுக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த 1.05946 கணக்கில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது மேற்கத்திய இசைக்காரருக்குச் சின்னது, நமக்குப் பெரியது. சமப்பகுப்பு முறையில் வரும் அந்தர காந்தாரம், தம்பூராவோடு இழைகிற 5:4 விகிதக் காந்தாரத்தைவிட 14 சென்ட் உயரம். கிட்டாரில் கம்பியை இழுத்தால் சுருதி ஏறும், இறங்காது. ஆகவே அந்த மெட்டிலேயே விரலை வைத்தால் சுத்தமான காந்தாரத்தை எட்ட வழியில்லை. கீழ் மெட்டிலிருந்து இழுத்துத்தான் பிடிக்கவேண்டும். வீணையில் மெட்டுகள் மெழுகில் நிற்கின்றன; மேளம் கட்டுகிறவர் காதால் கேட்டு இம்மியளவு முன்னே பின்னே நகர்த்தி வைத்துவிடுவார். கிட்டாரில் இதற்கு விடை தேடியவர்கள் இல்லாமல் இல்லை. துருக்கியைச் சேர்ந்த டோல்கஹான் சோவுலு 2008-இல் மெட்டுகளைத் தண்டவாளத்தில் நகர்த்துவதுபோல் தள்ளிவைக்கக்கூடிய ஒரு கிட்டாரை வடிவமைத்தார். அங்கே மக்காம் இசைக்கு அது தேவைப்பட்டது. ஒரே ஆதார ஸட்ஜத்தில் நின்று வாசிக்கும் கர்நாடக இசைக்கும் அது நன்றாகவே பொருந்தும். ஆனால் அதே கருவியில் சினிமாப் பாட்டுக்கு கார்ட் பிடிக்க நினைத்தால் காது கூசும். எது வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

கமகத்துக்காகக் கிட்டாரை மாற்றியவர்களில் உலகம் அறிந்தவர் ஜான் மெக்லாலின். எல். சங்கர், ஜாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு அவர் நடத்திய ‘சக்தி’ குழுவுக்காக ஏப் வெக்டர் செய்துகொடுத்த கிட்டாரில் இரண்டு விசேஷங்கள் இருந்தன. மெட்டுகளுக்கு நடுவே விரல்பலகை குழியாகச் செதுக்கப்பட்டிருந்தது. வாசிக்கும் கம்பிகளுக்குக் குறுக்கே ஏழு அனுநாதக் கம்பிகள் சாய்வாக ஓடின. குழித்த பலகையில் விரல் மரத்தைத் தொடுவதே இல்லை, கம்பியை மட்டும் பிடித்து இழுக்கிறது. வீணை வாசிக்கிறவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை: மெழுகுக் கரையின் மேல் நிற்கும் பித்தளை மெட்டு அவருக்கு இந்த வசதியை எப்போதோ கொடுத்துவிட்டது. செதுக்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அழுத்திப் பிடிக்கும் பழக்கமுள்ளவர் குழித்த பலகையில் வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். அதோடு இது திரும்பப்பெற முடியாத வேலை. உயரமான மெட்டுக் கம்பியைப் பதித்தாலே முக்கால் பங்குப் பலன் கிடைத்துவிடும். மெட்டு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்; பலகை பத்திரமாக இருக்கும். முதல் கிட்டாரில் உயர மெட்டு, அது போதாது என்று கை சொன்னால் இரண்டாவது கிட்டாரில் குழி என்பதே என் வரிசை.

விரல்பலகையின் வளைவும் இதோடு சேர்ந்தது. பழைய ஃபெண்டர் பலகை 7.25 அங்குல ஆரத்தில் நல்ல வளைவு. கார்ட் பிடிக்கச் சுகம். அந்த வளைவில் கம்பியை நீள இழுத்தால் மேட்டின் மேல் ஏறி அடுத்த மெட்டுகளில் இடித்து ஒலி அறுந்துபோகும். 16 அங்குல ஆரத்தில் பலகை கிட்டத்தட்ட தட்டை. இரண்டு மூன்று ஸ்வரம் ஒரே இழுப்பில் போகிறவர் இதற்குக் குறைவாக எடுக்கக்கூடாது.

மெக்லாலினுக்கு அடுத்து, நம் ஊர்க்காரர்கள். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து சென்னையில் வளர்ந்த யு. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினை எடுத்துக்கொண்டு, இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி இருக்கும் கருவியை ஒற்றை ஒற்றையாக ஐந்து கம்பியாக்கினார். இரட்டைக் கம்பியை ஒருசேர இழுத்து இழுத்த இடத்தில் இரண்டும் ஒரே சுருதியில் நிற்கச் செய்வது நடவாத காரியம். மந்தர ஸ்தாயிக்கு இன்னொரு கம்பியும் வேண்டியிருந்தது. அலங்காரத்துக்காக அவர் எதையும் கேட்கவில்லை. இசை எதைக் கேட்டதோ அதைக் கருவியில் செய்துகொண்டார். தனிக்கருவி செய்துகொள்ள நினைக்கிறவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. கிட்டாரிலேயே 1980-களில் கர்நாடகக் கச்சேரி செய்த சுகுமார் பிரசாத், பின்னர் வந்த ஆர். பிரசன்னா ஆகியோர் ஆறு கம்பி மின்கிட்டாரிலேயே கீர்த்தனைகளைக் கொண்டுவந்தார்கள்.

பிரசன்னா மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பவர். மின்கிட்டாரின் உடல் வடிவங்கள் அத்தனையும் நின்று வாசிக்க அல்லது ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்க என்று வரையப்பட்டவை. தரையில் உட்காரும்போது தொடை உயரம் மாறுகிறது, கழுத்து மேல்நோக்கிச் சாய்கிறது, வலது முட்டி உடலின் கீழ்க்கொம்பை முட்டுகிறது. வி வடிவக் கிட்டார் மடியிலேயே நிற்காது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் இடைவளைவு ஓரளவு உட்காரும். கட்டையில் கை வைக்கும் முன் அட்டையில் முழு அளவில் வெட்டி, வாசிக்கும் நிலையிலேயே பாயில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்ப்பது கால் காசுச் செலவில்லாத சோதனை. இடைவளைவை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளுவதா, கீழ்க்கொம்பைக் குறைப்பதா என்று அட்டையே சொல்லிவிடும். எந்தத் தொழிற்சாலையும் இந்த உட்காரும் வழக்கத்துக்கு ஒரு மாடல் போட்டதாக நான் பார்த்ததில்லை. தனியாகச் செய்வதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

பிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை. ஆடும் கைப்பிடியுள்ள பிரிட்ஜ், அதிலும் ஃபிளாய்ட் ரோஸ் வகை, கமகத்துக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். மிதக்கும் பிரிட்ஜ் ஸ்பிரிங்குகளின் எதிரிழுப்பில் சமநிலையாக நிற்பது. ஒரு கம்பியை விரலால் இழுத்தால் அந்தக் கூடுதல் இழுவை பிரிட்ஜையே கொஞ்சம் முன்னே சாய்க்கும். மற்றக் கம்பிகள் அத்தனையும் சுருதி இறங்கும். ராக் இசையில் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஸட்ஜ பஞ்சமத்தைத் திறந்த கம்பியில் மீட்டிக்கொண்டே மேல்கம்பியில் கமகம் பிடிக்கிறவருக்கு அது சுருதிபேதம். நிலையான பிரிட்ஜ் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை, துருப்பிடிக்கும் ஸ்பிரிங்கும் இல்லை.

இருபத்துநாலு மெட்டா, இருபத்திரண்டா? இரண்டு ஸ்தாயி முழுதாக வேண்டும் என்று 24 கேட்பது இயல்பு. வீணையிலும் 24 தானே. ஆனால் 24-ஆவது மெட்டு நிற்கும் இடம் பிரிட்ஜிலிருந்து கம்பியின் கால்பங்கு. கழுத்தோரப் பிக்கப்பின் அந்தக் கனிந்த ஒலி பெரும்பாலும் அந்த இடத்திலிருந்தே வருகிறது. அங்கே மெட்டைப் பதித்துவிட்டால் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் நகரவேண்டியதுதான். குரல் கொஞ்சம் மெலியும். ராகம் மேல் ஸ்தாயியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தன் வாசிப்பைத் தானே கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யவேண்டிய விஷயம். பெரும்பாலானவர்களுக்கு 22 போதும்.

இனி மரம். இதைப் பற்றி உலகம் முழுவதும் சண்டை. முழுக்கட்டை மின்கிட்டாரில் பிக்கப் கேட்பது காந்தப்புலத்தில் அசையும் எஃகுக் கம்பியை. மரத்தின் ஓசையை அது நேராகக் கேட்பதில்லை. மரம் கம்பியின் அதிர்வை எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறது என்ற அளவில்தான் அதன் பங்கு. பிக்கப்பின் இடமும் உயரமும் மாறினால் காதில் விழும் வேறுபாடு, உடல் மரம் மாறினால் விழுவதைவிடப் பன்மடங்கு. ஆகவே உடல் மரத்தை எடைக்கும் நிலைத்தன்மைக்கும் விலைக்கும் பார்த்து எடுத்தால் போதும். கழுத்து மரத்தில் மட்டும் சமரசம் கூடாது: ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுவையை இரவும் பகலும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

உடலுக்கு நம் பக்கத்திலேயே பலா இருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பலாக்கட்டை பண்ருட்டிப் பக்கமிருந்து போகிறது. அந்த வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிருதங்கமும் பலாதான். வைரம் பாய்ந்த பலா மஞ்சளில் தொடங்கி வருஷம் ஆக ஆகத் தேன் நிறத்துக்குப் போகும், சாயம் தேவையில்லை. எடைதான் கணக்குப் பார்க்கவேண்டியது. ஸ்ட்ராட் வடிவ உடலின் கன அளவு சுமார் நாலேகால் லிட்டர். அமெரிக்க ஆல்டர் மரத்தில் அது இரண்டு கிலோவுக்குக் கீழ் வரும். கன மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டும் பலாவில் இரண்டரைக்கு மேல் போகும். கழுத்தும் இரும்புச் சாமானும் சேர்ந்தால் நாலு கிலோ. தரையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரம் தோளில் மாட்டி நிற்கும் மெல்லிசைக் குழுக்காரருக்குத் தோள்வலி. அவர் உள்ளே அறைகள் குடைந்து எடையைக் குறைக்கச் சொல்லலாம். பூவரசையும் மாமரத்தையும் நாம் மாட்டுவண்டிக்கும் பலகைக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். ஹவாய்த் தீவில் இதே இரண்டு மரங்களில் உகுலேலே செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆரோவில்லின் காட்டில் மண்டிக்கிடக்கும் ஆஸ்திரேலிய அகேசியா, ஹவாயின் புகழ்பெற்ற கோவா மரத்துக்கு ஒரே பேரினச் சொந்தம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஆரோவில் மரங்களும் கணக்கில்லாமல் சாய்ந்தன. அப்படிச் சாய்ந்த நல்ல கட்டைகளில் எவ்வளவோ அடுப்புக்குப் போனது.

பழைய உத்திரம் விற்கும் கடைகளை இங்கேதான் சொல்லவேண்டும். நூறு வருஷம் கூரைக்கடியில் காய்ந்த தேக்கு, வளைவதையெல்லாம் முன்பே வளைந்து முடித்த மரம். குயீன் குழுவின் பிரையன் மே, பையனாக இருந்தபோது 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, பழைய வீடொன்றின் கணப்படுப்பு முகப்பில் இருந்த நூறாண்டு மஹோகனி. பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து. பலகையின் புள்ளிகள் அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அன்றுமுதல் அதையே வாசித்துவருகிறார். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுமுன் பரப்பைத் துடைத்து உடனே பசை வைக்காவிட்டால் ஒட்டு விட்டுவிடும். ஆணி உள்ளே ஒளிந்திருக்கும், இழைப்பு மெஷினின் பிளேடு போகும். இந்த இரண்டையும் தச்சர்களே சொல்லித்தருவார்கள்.

விரல்பலகைக்கு ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். உலகத்துக் கிட்டார்களில் பலவற்றின் விரல்பலகை நம் மலைகளில் வளரும் இந்த மரம்தான். தமிழ்நாடு 1994-இல் ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச்சட்டமே இயற்றியது. சொந்தப் பட்டா நிலத்து மரத்தைக்கூட அனுமதியில்லாமல் வெட்டமுடியாது என்ற நிலை வந்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளில் சோதனை போட்டு இந்திய ஈட்டியையும் கருங்காலியையும் அள்ளிப்போனார்கள்; விரல்பலகைக்கு அறுத்த துண்டு முடிந்த பாகமா, வெறும் அறுத்த மரமா என்ற நம் ஏற்றுமதி விதியின் வாசகமே அங்கே வழக்கானது. முன்பே 2009-இல் மடகாஸ்கர் கருங்காலிக்காக நடந்த சோதனையும் சேர்ந்து, 2012-இல் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி முடித்துக்கொண்டது. 2017-இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. ஃபெண்டர் பல மாடல்களில் தென்னமெரிக்க பாவ் ஃபெரோவுக்கு மாறியது. 2019 கடைசியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. உள்நாட்டில் வாங்குகிறவருக்கு இதில் ஒரே வேலைதான்: மர டிப்போவில் பில் வாங்குவது. கிட்டாரை வெளிநாட்டுக் கச்சேரிக்கு எடுத்துப்போகிறவர் அந்த பில்லைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

ஈரத்துக்கு இப்போது வரலாம். கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் வருஷத்தில் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்றில் நாள்பட வைத்த மரம் தன் எடையில் 13, 14 சதவீதம் தண்ணீரோடு சமநிலைக்கு வரும். குளிரூட்டிய ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் அதே மரம் 9 சதவீதத்தைத் தேடிப் போகும். போகிற வழியில் பலகை குறுக்கே சுருங்கும். மெட்டு உலோகமாதலால் சுருங்காது. மெட்டு முனைகள் பலகைக்கு வெளியே நீட்டி உள்ளங்கையை அறுக்கும். சென்னை ஸ்டூடியோவுக்கும் பொம்மையார்பாளையம் வீட்டுக்கும் மாறி மாறிப் போகும் கிட்டாரின் கழுத்து இந்த நடையை ஒவ்வொரு வாரமும் நடக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மயிலம் வட்டாரத்தில் ஒரே நாளில் அரை மீட்டரளவு மழையைக் கொட்டியதுபோன்ற நாட்களில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் இந்தப் பக்கத்துக் கழுத்துக்கு நான் கேட்கும் அம்சங்கள் கொஞ்சம் கண்டிப்பானவை. ஒரே கட்டையாக இல்லாமல், வரியை எதிரெதிராகத் திருப்பி ஒட்டிய மூன்று அல்லது ஐந்து பட்டை. உள்ளே கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி, இருபக்கமும் வளைக்கவல்லதாக. 1920-களில் கிப்சன் காப்புரிமை பெற்ற பழைய வகை ஒரு பக்கம்தான் இழுக்கும். முடிந்தால் ட்ரஸ் ராடின் இரண்டு பக்கமும் கார்பன் ஃபைபர் சட்டம். நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் கழுத்தையும் உடலையும் மரமே இல்லாமல் கார்பனில் வார்த்துத் தலையையும் நீக்கிவிட்டார்; ஈரம் அதை எதுவும் செய்யாது, ஆனால் எல்லாருக்கும் அந்த உருவம் பிடிப்பதில்லை. மெட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு: பதிப்பவர் கை வலிக்கிறது என்று கூடுதல் கூலி கேட்பார், கொடுத்துவிடவேண்டும். கடைசியாக, கழுத்து என்றாவது முறுக்கிக்கொண்டால் நான்கு திருகாணியைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டலாம் என்ற ஆறுதல். ஒட்டிய கழுத்தில் அந்த ஆறுதல் கிடையாது.

மின்சாரப் பகுதியை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் சுருக்கமாக. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி ஏழெட்டாயிரம் சுற்று. ஒலி தெளிவு, கூடவே நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமலையும் பிடித்துக்கொள்ளும். 1950-களின் நடுவில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த உறுமலை ஒன்றையொன்று அழிக்கச் செய்தார், ஹம்பக்கர் பிறந்தது. திருவிழா மேடையில் சீரியல் விளக்குக்கும் ஜெனரேட்டருக்கும் பக்கத்தில், மூன்றாவது பின் எங்கும் போய்ச் சேராத பிளக்கில் வாசிக்கிறவருக்கு ஹம்பக்கர்தான் கதி. பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடத்தில் ஒற்றைச் சுருளும் என்பது சினிமா ஸ்டூடியோக்காரர்கள் விரும்பும் கலவை, ஒரே நாளில் நாலு விதப் பாட்டு வாசிக்கவேண்டியிருப்பதால். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாட், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், ஒற்றைச் சுருளுக்கு 250 என்பது வழக்கம். உட்குழியெங்கும் தாமிரத் தகடு ஒட்டி எர்த் கொடுக்கச் சொல்வது அதிகச் செலவில்லாத வேலை. பட்டறைகள் கேட்டால்தான் செய்யும். பித்தளைக் கம்பி போட்டு வீணை நாதம் கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவேண்டாம்: பித்தளைக்குக் காந்தம் மசியாது, பிக்கப்புக்கு அந்தக் கம்பி இருப்பதே தெரியாது.

பட்டறைக்குக் கொண்டுபோகவேண்டியவை: முழு அளவு அட்டை, வழக்கமாகப் போடும் கம்பி செட், கைக்கு இசைவாக இருக்கும் ஏதாவது ஒரு கிட்டாரின் கழுத்துத் தடிமனை முதல் மெட்டிலும் பன்னிரண்டாவதிலும் அளந்த இரண்டு எண்கள். காலத்தையும் பேசிக்கொள்ளவேண்டும். கட்டையை ஆவணிக்குள் முரட்டு அளவுக்கு வெட்டி, வடகிழக்குப் பருவமழை முழுதும் பட்டறையிலேயே கிடக்கவிட்டால், கோணுகிற கட்டை அப்போதே கோணிக் காட்டிவிடும். அதைத் தள்ளிவிட்டு வேறு எடுக்கலாம். கழுத்தைக் கடைசி அளவுக்கு இழைப்பதும் மெட்டு பதிப்பதும் மழை ஓய்ந்தபின். பாலிஷ் மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில். ஐப்பசி, கார்த்திகையில் லேக்கர் அடித்தால் காற்றின் ஈரம் மேற்பூச்சுக்குள் சிக்கி வெள்ளை மூட்டமாகப் படியும். அதைச் சுரண்டித் திரும்ப அடிக்கும் கூலி யார் தலையில் என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுவது உத்தமம்.